மாடி அக்காவின் முள் ரஜாய்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டார்கள். இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறக்கிறவள், எப்போதோ நடந்ததை எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஒன்றைச் சொல்ல ஆரம்பித்து வேறொன்றில் போய் நிற்பேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். என் பேரப்பிள்ளைகள் டெல்லியிலேயே பிறந்ததுகள். தமிழ் பேசும், படிக்கத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

கிட்வாய் நகரில் நாங்கள் கீழ் வீடு, அவர் மேல் வீடு. பெயர் வேண்டாம். பெயர் சொல்லி அவரை யாரும் கூப்பிட்டும் நான் கேட்டதில்லை. தமிழ் வீடுகளுக்கு அவர் மாடி அக்கா. பஞ்சாபி வீடுகளுக்கு மச்லிவாலி ஆன்ட்டி. அம்பாசமுத்திரம் பக்கத்துக்காரர். டெல்லிக்கு வந்து எத்தனையோ வருஷம் ஆகியும் அந்தப் பேச்சு ஒரு இழை மாறவில்லை. அவர் வீட்டுக்காரர் அரசாங்கக் கார் ஓட்டினார். நாளெல்லாம் ஆபீசர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டோ என்னவோ, அவர் பேசுவதையே விட்டுவிட்டார். இரண்டு பேருக்குமாகச் சேர்த்து அக்கா பேசுவார்.

நான் முதலில் அவரைப் பார்த்தது பால் டிப்போ வரிசையில். பனி மூட்டம். எல்லாரும் சால்வைக்குள் கையை விட்டுக்கொண்டு நிற்கிறோம். இவர் மட்டும் பால் கிரேட் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, கால் கட்டைவிரலில் எதையோ சுற்றி, பல்லில் எதையோ கடித்து இழுத்துக்கொண்டிருந்தார். பூக் கட்டுகிறார் என்று நினைத்தேன். டெல்லிக் குளிரில் மல்லிகைக்கு எங்கே போனார் என்று ஆச்சரியம். கேட்கக் கூச்சம். எட்டி எட்டிப் பார்த்தேன்.

"என்னட்டி பாக்க? கிட்ட வராத, முள்ளு" என்றார்.

தூண்டில் முள். அக்கா மீன் பிடிக்கிறவர், மச்லிவாலி என்றால் மீன்காரி. சந்தைக்கு அல்ல, வீட்டுக்கு. ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஒக்லா அணைப் பக்கம் யமுனைக் கரைக்குப் போய்விடுவார். பஸ்ஸில் மூங்கில் கம்பை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடித்துக்கொண்டு அவர் போவதைப் பார்த்து, கண்டக்டர்கள் டிக்கெட்டை அக்காவுக்கு ஒன்று, கம்புக்கு ஒன்று கிழிப்பார்கள். அவரும் சண்டை போட்டுக் கம்பு டிக்கெட்டைத் திருப்பிக் கொடுப்பார்.

எல்லா மீனும் பிடிக்க மாட்டார். மீசை வைத்த மீன் மட்டும்தான். நம் ஊர்க் கெளுத்தி, வாளை, இங்கே சிங்காடா என்று ஒன்று சொல்கிறார்களே அது. ஏன் என்று கேட்டதற்கு, "செதிலு இருந்தா அதை ஒரசிக்கிட்டே பாதி நாளு போயிரும். மீசைக்காரன்னா அந்தச் சோலி இல்ல பாத்துக்கோ" என்றார். ஆனால் மீசைக்காரனிடம் வேறு சோலி உண்டு. வாளைக்கு வாயெல்லாம் அரம் மாதிரிப் பல். நைலான் நரம்பை ராவி ராவி இளைக்க வைத்துவிடும். அதனால் ஒரு மீன் ஏறி இறங்கியதும் முள்ளையும் அதை ஒட்டிய முழ நீள நரம்பையும் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாகக் கட்ட வேண்டும். அந்த முள்ளும் முழ நரம்பும் சேர்ந்ததற்கு அக்கா வைத்த பெயர் வால். வாலின் மேல் நுனியில் ஒரு கண்ணி இருக்கும். பெரிய நரம்பின் நுனியில் உள்ள கொக்கியில் அதை மாட்டினால் தீர்ந்தது வேலை.

இந்த வாலைக் கரையில் உட்கார்ந்து கட்டலாம், மற்றவர்கள் அப்படித்தான் கட்டினார்கள். அக்காவுக்கு அதைப் போல வெறுப்பான காரியம் உலகத்தில் கிடையாது.

"கரையில உக்காந்து முடிச்சுப் போடுதவன் கஞ்சிதான் குடிப்பான்" என்பார்.

அதனால் பனிக்காலம் முழுக்க வால் கட்டுவார். குளிரில் மீன் தீனி எடுக்காமல் அடியில் கிடக்குமாம். மீன் தூங்குகிற மாதங்கள் அக்கா கட்டுகிற மாதங்கள். பால் வரிசையில் கட்டுவார். ரேஷன் வரிசையில் கட்டுவார். எங்கள் பிளாக் பெண்கள் மத்தியான வெயிலில் புல்லில் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னும்போது அவரும் கூட உட்கார்ந்து கட்டுவார். எதிர் வீட்டு பஞ்சாபி அம்மாள், "இது என்ன டிசைன் பெஹன்ஜி?" என்று கேட்டதும் உண்டு.

மீனோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அக்காவுக்கு எல்லாமே முன்கூட்டியே கட்டியிருக்க வேண்டும். அவர் வீட்டு ஜன்னல் திரையில் ஒரு வரிசை ஊசி குத்தியிருக்கும், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு நிற நூல் கோத்து முடிச்சுப் போட்டு. பொத்தான் அறுந்தால் எடுத்துத் தைக்க வேண்டியதுதான். புளி, நாளுக்கு ஒரு உருண்டையாக உருட்டி வைத்திருப்பார். நான் என் பெரியவனை உண்டாகியிருந்தபோது, அதை என் வீட்டுக்காரரிடம் எப்படிச் சொல்வது என்று கூச்சப்பட்டுக்கொண்டு இரண்டு மூன்று நாள் தள்ளினேன். அதற்குள் அக்கா ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போகிற பையைக் கட்டி, எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் கொண்டுவந்து மாட்டிவிட்டார். பையைப் பார்த்துத்தான் என் வீட்டுக்காரருக்கு விஷயமே தெரிந்தது.

"ஏன் அக்கா இப்படி?" என்று ஒருநாள் கேட்டேன்.

"என்னைப் பொண்ணு பாக்க வந்தன்னைக்குத் தலையில எண்ணெயத் தேய்ச்சு, மொகத்துல கடல மாவப் பூசிக்கிட்டு நின்னேம்ட்டி. ஒரு நாளு முன்னாடி வந்துட்டாவ. அன்னையிலேருந்து நான் எதுக்கும் தயாரா இருக்கேன்."

உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அவர் வீட்டுக்காரர் மெல்ல இருமினார். வந்து பார்த்தவர் அவர்தானே.

வால் கட்டுவது ஒரு பங்கு என்றால், அதை வைத்துக்கொள்வது மூன்று பங்கு. அதில் அக்கா பட்ட பாடு கொஞ்சமில்லை. முதலில் தீப்பெட்டியில் சுற்றி வைத்தார். எடுத்துப் பார்த்தால் நரம்பெல்லாம் தீப்பெட்டி வடிவத்துக்கே மடிந்து, சதுரம் சதுரமாகச் சுருண்டு நின்றது. தண்ணீரில் போட்டால் ஸ்பிரிங் மாதிரி மேலே ஏறியதாம். அதற்கு மேல், தீப்பெட்டி இரவல் கேட்டு வந்த ஒரு இந்திக்கார ஆளிடம் அவர் வீட்டுக்காரர் அதில் ஒன்றை எடுத்துக் கொடுத்து, அந்த ஆள் விரலை உதறிக்கொண்டு ஓடியது தனிக் கதை.

அடுத்தது வளையல் ஸ்டாண்டு. வளையலையெல்லாம் டப்பாவில் கொட்டிவிட்டு, ஸ்டாண்டின் கம்பிகளில் வால்களைக் கண்ணி கண்ணியாகத் தொங்கவிட்டு பால்கனியில் வைத்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. மே மாதம் ஆந்தி அடித்தது. டெல்லிப் புழுதிக் காற்று உங்களுக்குத் தெரியும், ஐந்து நிமிஷம்தான். காற்று ஓய்ந்ததும் பார்த்தால் மொத்தமும் ஒரே பந்து, முள்ளம்பன்றி மாதிரி. வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்று யார் சொன்னாலும் கேட்கவில்லை. "கட்டுனதை வெட்டப்படாது" என்று சொல்லி, அந்த வாரம் முழுக்க உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தார். அந்த வாரம் அவர் வீட்டில் சமையல் பொறுப்பு முழுக்க அவர் வீட்டுக்காரருக்கு.

கரைக்கு எடுத்துப் போக ஹவாய் செருப்பைக் கண்டுபிடித்தார். தேய்ந்த செருப்பின் வாரைப் பிடுங்கிவிட்டு, அட்டையின் ஓரத்தில் பிளேடால் கீறல் கீறலாக வெட்டி, முள்ளை ரப்பரில் குத்தி, நரம்பை இழுத்துக் கீறலில் செருகினால் ஆடாமல் அசையாமல் இருக்கும். எங்கள் பிளாக்கில் யார் செருப்பு தேய்ந்தாலும் அக்காவுக்கு வந்துவிடும். ஒரு தடவை அவரோடு நானும் ஒக்லாவுக்குப் போனேன். அங்கே வங்காளி பாபுக்கள் நிறைய. குடை, ஃபிளாஸ்க், மடக்கு நாற்காலி எல்லாம் உண்டு. பாறையில் முள் மாட்டி அறுந்துபோய் ஒரு பெரியவர் கண்ணாடியை ஏற்றி ஏற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். அக்காவுக்கும் அதே நேரம் அறுந்தது. மூக்கைச் சிந்துகிற நேரத்துக்குள் செருப்பிலிருந்து ஒரு வாலை உருவி மாட்டித் தண்ணீரில் வீசிவிட்டார். பாபு எழுந்து வந்து செருப்பைப் பார்த்தார்.

"தீதி, ஏக் முஜே பீ தே தோ." எனக்கும் ஒன்று கொடுங்கள் அக்கா என்று கேட்டார்.

"நஹி தேகா" என்றார் அக்கா.

"இத்னா ஸாரா தோ ஹை ஆப்கே பாஸ்!" இத்தனை வைத்திருக்கிறீர்களே என்றார் பாபு.

"ஹை, ஹை. வோ நஹி. பைட்டோ. நயா கட்டிக்கே தேகா." பிறகு என் பக்கம் திரும்பி, "கட்டித் தருவேன். கட்டி வச்சதைத் தர மாட்டேன். அது எடம் காலியாயிரும்லா" என்றார்.

பாபு காத்திருந்தார். அக்கா தன் கம்பை என் கையில் கொடுத்துவிட்டு, கட்டைவிரலில் நரம்பைச் சுற்றி அவருக்குப் புதிதாக ஒன்று கட்டிக் கொடுத்தார். அதற்குள் என் கையிலிருந்த கம்பை ஏதோ இழுத்தது. நான் பயந்து போய்க் கம்பை விட்டுவிட்டேன். அதை மட்டும் அவர் கடைசிவரை மன்னிக்கவில்லை.

சரி, ரஜாய்க்கு வருகிறேன், பஞ்சு அடைத்த டெல்லிப் போர்வை அது. செருப்பு கரைக்குச் சரி, ஒரு பனிக்காலம் முழுக்கக் கட்டினதை அத்தனை செருப்பில் எப்படி வைப்பது? பஞ்சு கட்டி தட்டிப்போய் யாருக்கும் உதவாத பழைய ரஜாய் ஒன்று அவரிடம் இருந்தது. அதை விரித்து, குண்டூசி குத்துகிற மாதிரி ஒவ்வொரு முள்ளையும் உள்ளே விட்டு வெளியே எடுத்து, நரம்பை நேராக நீட்டி, மறு நுனியில் ஒரு தையல். வரிசை வரிசையாக. பஞ்சில் ஈரம் ஏறாது, முள் துருப்பிடிக்காது, நரம்பு சுருளாது. எது எந்த மீனுக்கு என்று தெரிய முள்ளின் தலையில் கம்பளி நூலால் ஒரு குஞ்சம். சின்னக் கெளுத்திக்கு மஞ்சள், சிங்காடாவுக்குப் பச்சை, வாளைக்குச் சிவப்பு. பிறகு பாயைப் போலச் சுருட்டிக் கயிறு கட்டி டிரங்குப் பெட்டி மேல் வைத்துவிடுவார். மழைக்காலம் வந்தால் விரிப்பார். கடைசியில் நல்ல இடம் கிடைத்துவிட்டது என்று அவருக்கு அப்படி ஒரு நிம்மதி.

அந்தக் கம்பளி நூல் கொடுத்தவள் வசந்தா. என் வீட்டுக்காரரின் தங்கை, எங்களோடு இருந்தாள். ஸ்வெட்டர் பின்னி மிஞ்சுகிற நூலையெல்லாம் அக்காவுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பாள். நல்ல பெண், எல்லாம் தெரியும். ஒரே ஒரு குறை, சிரிக்கக் கூடாத இடத்தில் சிரித்துவிடுவாள். சின்னச் சிரிப்பில்லை, பஸ் ஸ்டாண்டு வரை கேட்கும். பெண் பார்க்க வந்த ஒரு மாப்பிள்ளையின் அப்பாவுக்குச் சோபாவில் உட்காரும்போது வேட்டி அவிழ்ந்துவிட்டது. அவள் சிரித்தாள். அந்தச் சம்பந்தம் அதோடு போயிற்று. அப்புறம் ஒன்றிரண்டு வேறு காரணங்களில் தட்டிப் போயின. வயது ஏறிக்கொண்டே இருந்தது. என் வீட்டுக்காரருக்குத் தூக்கமே இல்லை.

அப்போதுதான் குளித்தலையிலிருந்து ஒரு வரன் வந்தது. பையனுக்குக் கூட்டுறவு வங்கியில் வேலை. அப்பா அம்மாவோடு டெல்லிக்கே வந்து பார்க்கிறோம் என்றார்கள். லோதி ரோட்டில் சொந்தக்காரர் வீட்டில் தங்கல். ஆனால் அவர்கள் டெல்லியில் பார்க்க வந்தது எங்கள் பெண்ணை மட்டும் இல்லை. அதே சனிக்கிழமை காலை, எங்கள் வீட்டை முடித்துவிட்டு புசா ரோட்டுப் பக்கம் இன்னொரு வீடு. அந்தப் பெண்ணின் அப்பா பெரிய ஆபீசர், மாப்பிள்ளைக்கு ஸ்கூட்டர் தருகிறார்கள் என்று தரகர் மூலமாகக் கேள்விப்பட்டோம். என் வீட்டுக்காரர் ஒரு மந்திராலயத்தில் ஃபைல் தைக்கிறவர். நாங்கள் ஸ்கூட்டருக்கு எங்கே போவது.

"ஒன்பதுக்கு ராகு காலம். அதுக்கு முன்னால கிளம்பிடுவாங்களாம். நம்ம வீட்டுல அரை மணி நேரம்தான். அதுக்குள்ள அவங்களுக்குப் பிடிக்கணும்" என்றார் அவர். அப்புறம் தங்கையைப் பார்த்து, "நீ சிரிச்சுத் தொலைக்காதே. கையெடுத்துக் கும்பிடறேன்" என்றார்.

டிசம்பர் மாதம். தெற்கிலிருந்து வருகிறவர்கள் டெல்லிக் குளிரில் நடுங்குவார்கள். வந்தவர்களைக் கட்டிலில் உட்காரவைத்துக் காலில் ரஜாயைப் போர்த்திவிடுவது இங்கே வழக்கம். எங்களிடம் இருந்த ரஜாய்கள் வந்தவர்களுக்குப் போடுகிற நிலையில் இல்லை. முதல் நாள் மத்தியானம் மாடிக்குப் போனேன். அக்கா ரேஷன் கடைக்குப் போயிருந்தார். அவர் வீட்டுக்காரர் மட்டும் இருந்தார்.

"அண்ணே, நாளைக்கு விருந்தாளி... ஒரு ரஜாய்..." என்றேன். எனக்கு அதற்கு மேல் பேச வராது. அவருக்கும் வராது. டிரங்குப் பெட்டி மேல் சுருட்டி வைத்திருந்ததை எடுத்துக் கையில் கொடுத்தார். அதற்குள் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. அக்கா அதை ஒளிக்கவில்லை. எத்தனையோ தரம் சொல்லியிருப்பார். அவர் கேட்பதையும் எப்போதோ விட்டுவிட்டார் போலிருக்கிறது. முள்ளெல்லாம் செருப்பில்தான் இருக்கிறது என்று நானும் அப்போது நினைத்திருந்தேன்.

மறுநாள் எட்டேகால் மணிக்கு அவர்கள் வந்து இறங்கினார்கள். லோதி ரோட்டிலிருந்து பக்கம்தான், அதற்குள்ளேயே பல் தந்தியடிக்கிறது. கரண்டு வேறு இல்லை, பனியில் வீடே இருட்டு. என் வீட்டுக்காரர் அவசர அவசரமாக ரஜாயை உதறி விரித்தார். கம்பளிக் குஞ்சங்கள் அவர் கண்ணில் பட்டிருக்கின்றன. "பூ வேலைப்பாடு, அழுக்காயிடும்" என்று அந்தப் பக்கத்தைக் கீழே போட்டுவிட்டாராம். பிற்பாடு சொன்னார். மூன்று பேரும் கட்டிலில் ஏறி வரிசையாக உட்கார்ந்து காலை ரஜாய்க்குள் நீட்டிக்கொண்டார்கள். குரங்குக் குல்லாவோடு மாப்பிள்ளையின் அப்பா, அரக்குப் பட்டுப் புடவையில் அம்மா, பெல்பாட்டம் பேண்டில் பையன்.

"இதமா இருக்குங்க" என்றார் அப்பா. குளிருக்கு இழுத்துக் கழுத்துவரை, குல்லாவோடு சேர்த்துப் போர்த்திக்கொண்டார்.

வசந்தா கேசரியும் காபியும் கொண்டுவந்து வைத்தாள். தலை நிமிரவில்லை, சிரிக்கவில்லை. மாப்பிள்ளையின் அம்மா ஊரைக் கேட்டார், சமையலைக் கேட்டார், பாடத் தெரியுமா என்று கேட்டார். எல்லாம் மேலுக்குத்தான். கண் மட்டும் சுவர்க் கடிகாரத்திலேயே இருந்தது. புசா ரோட்டு ஸ்கூட்டர் அவர் கண்ணில் ஓடுகிறதென்று எனக்கே தெரிந்தது. ஒன்பதுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்.

"சரிங்க, ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்பறோம்" என்று அந்த அம்மாள் எழுந்தார்.

ரஜாயும் எழுந்தது.

முள்ளெல்லாம் பட்டுப் புடவையில் ஏறியிருந்தது. ரஜாயின் மறு ஓரத்தில் மாப்பிள்ளையின் அப்பாவுடைய குல்லா மாட்டியிருந்தது. அது தலையிலிருந்து பாதி கிளம்பி நின்றது. நடுவில் பையனின் பெல்பாட்டம். "அம்மா, இழுக்காதே, இழுக்காதே!" என்று அவன் கத்தினான். "நான் எங்கடா இழுக்கறேன், அதுதான் என்னை இழுக்குது!" என்று அவர் கத்தினார்.

அதே சமயம் மாடிப் படியில் தடதடவென்று சத்தம். அக்கா அப்போதுதான் டிரங்குப் பெட்டியின் மேலே பார்த்திருக்கிறார். கையில் பால் பாட்டிலோடு வாசலில் வந்து நின்று,

"அசையாதீய! ஒருத்தரும் அசையாதீய! ஒக்காந்த எடத்துலயே இருங்க!" என்றார்.

என் வீட்டுக்காரர் பிளேடை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். நரம்பை வெட்டிவிட்டால் தீர்ந்தது என்று அவர் எண்ணம். அக்கா அவர் கையைப் பிடித்துவிட்டார்.

"கட்டுனதை வெட்டப்படாது."

"அக்கா, ராகு காலம் வருது!"

"வரட்டும். ராகு காலத்துல முள்ளு எடுக்கப்படாதுன்னு எந்தப் பஞ்சாங்கத்துல போட்டிருக்கு?" மாப்பிள்ளையின் அம்மாவிடம் திரும்பினார். "தாயி, நல்ல பட்டு. இழுத்தா கிழியும். தள்ளுனாத்தான் வரும். நான் எடுக்கேன், ஒரு இழை போகாது. நீங்க மூச்சை மட்டும் விட்டுக்கிட்டு இருங்க."

ஆரம்பித்தார். கைக்கு அகப்பட்டதை எடுத்திருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும். அக்கா அப்படிச் செய்வாரா? முதலில் மஞ்சள் எல்லாம், பிறகு பச்சை, கடைசியில் சிவப்பு. இல்லாவிட்டால் கலந்துவிடுமாம். ஒரு மஞ்சள் முள்ளை அப்பாவின் குல்லாவிலிருந்து எடுப்பார். அடுத்த மஞ்சளுக்குப் பையனின் முழங்காலுக்குப் போவார். குல்லாவில் பச்சை இன்னும் அப்படியே இருக்கும். எடுத்த ஒவ்வொன்றையும் நேராக்கி, வைக்கிற இடத்தில் வைத்த பிறகுதான் அடுத்தது. வைப்பதற்குத் தன் வீட்டுக்காரரை விட்டு ஹவாய் செருப்புகளைக் கொண்டுவரச் சொன்னார். அவர் கொண்டுவந்து, பிடித்துக்கொள்ள ஆள் இல்லாமல், மாப்பிள்ளையின் அப்பா கையில் ஒன்றும் அம்மா கையில் ஒன்றுமாகக் கொடுத்துவிட்டார்.

அம்மா தன் கையிலிருந்ததைப் பார்த்தார். "ஏங்க, பொண்ணு பாக்க வந்த எடத்துல கையில செருப்பைக் குடுக்கறாங்களே!" என்றார். அழுகிற குரல்.

அப்போது வசந்தா சிரித்துவிட்டாள்.

அடக்கிப் பார்த்திருக்கிறாள். அடங்கவில்லை. அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து, கேசரித் தட்டோடு சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தாள். என் வீட்டுக்காரர் நெற்றியில் அடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். தீர்ந்தது, இதுவும் போயிற்று என்று நினைத்தேன்.

பையன் அவளையே பார்த்தான். அப்புறம் அம்மா கையிலிருந்த செருப்பைப் பார்த்தான். அப்பா கையிலிருந்ததையும் பார்த்தான். அவனும் ஆரம்பித்துவிட்டான். அவன் குலுங்கக் குலுங்க ரஜாய் குலுங்கியது. "சிரிக்காதீய மாப்ள, முள்ளு ஏறும்!" என்று அக்கா அதட்டினார். அதற்கு இன்னும் சிரித்தான். அவனுக்கு இன்னும் மாப்பிள்ளை என்று பெயர் வைக்கவில்லை என்பது அக்காவுக்கு நினைவே இல்லை.

அப்புறம் வசந்தாவும் கிட்டே வந்து உட்கார்ந்து, "மஞ்சள் எல்லாம் என் ஸ்வெட்டர் நூல்தாங்க" என்று அவனிடம் சொன்னாள். எந்த ஸ்வெட்டர் என்று அவன் கேட்டான். என்ன மீன் என்று கேட்டான். அரை மணி நேரப் பேச்செல்லாம் அம்மா கேட்டு அவள் சொன்னது. இப்போதுதான் இரண்டு பேரும் பேசினார்கள். யாரும் எழுந்து போகவும் முடியாது, நடுவில் புகுந்து நிறுத்தவும் முடியாது. அவரவர் நூலில் அவரவர்.

ராகு காலம் வந்தது, போனது. பச்சை முடிந்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. மாப்பிள்ளையின் அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி, நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். அவர் மூக்கை உறிஞ்சினார். உள்ளே நான் எங்களுக்காக ரசம் வைத்திருந்தேன்.

"அம்மா, மிளகு ரசமா?" என்றார் என்னைப் பார்த்து.

"ஏங்க, வேண்டாம். கை நனைக்கக் கூடாது" என்றார் அந்த அம்மாள். சம்பந்தம் முடிவாகாமல் பெண் வீட்டில் சோறு சாப்பிடக் கூடாது, அது நம் பக்கத்து வழக்கம். பலகாரம் சாப்பிடலாம், சோறு கூடாது. சோற்றில் கை வைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அதற்கப்புறம் வேறு வீட்டுக்குப் பெண் பார்க்கப் போனால் ஊர் துப்பும்.

"கை நடுங்குதுடி" என்றார் அவர். "நனைக்காட்டி மயக்கம் போட்டு விழுவேன். அப்புறம் ரஜாயோட தூக்கிட்டுப் போ."

அந்த அம்மாள் கடிகாரத்தைப் பார்த்தார். பிள்ளையைப் பார்த்தார். அவன் வசந்தா கையிலிருந்த செருப்பில் ஒரு பச்சையைக் குத்திக்கொண்டிருந்தான், அவள் இடத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள். என்ன நினைத்தாரோ, ஒரு பெருமூச்சு விட்டார்.

"எனக்கும் கொஞ்சம் போடும்மா" என்றார்.

அக்கா நிமிரவே இல்லை. "கையைத் தூக்குங்க தாயி, செவப்பு ஆரம்பிக்கேன். சோத்த அந்தக் கையால சாப்பிடுங்க" என்றார்.

குல்லாவில் ஒரு சிவப்புக் குஞ்சம் ஆட ஆட மாப்பிள்ளையின் அப்பா ரசம் சாதம் சாப்பிட்டது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. புசா ரோட்டுக்கு அவர்கள் போகவில்லை.

சாயங்காலம் அவர்கள் போனதும் நாங்கள் எல்லாரும் சந்தோஷத்தில் உட்கார்ந்திருக்கிறோம். என் வீட்டுக்காரர் அழுதேவிட்டார். "அக்கா, நீங்க இல்லைன்னா..." என்று ஆரம்பித்தார்.

அக்கா செருப்புகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு செவப்பு கொறையுது" என்றார்.

ரஜாயை உதறினோம், கட்டிலுக்கு அடியில் பெருக்கினோம். இல்லை. அன்றிலிருந்து கல்யாணம் வரை அக்காவுக்கு அதே நினைவு. யாராவது சம்பந்தத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், "பொண்ணு போறது சரிதான், வாலு எங்க போச்சு?" என்பார்.

தை கடைசியில் குளித்தலையில் கல்யாணம். அக்காவும் வந்திருந்தார், ரயிலுக்கு மூன்று நாள் முன்பே கட்டி வைத்த பையோடு. மண்டப வாசலில் மாப்பிள்ளையின் அம்மா நின்று எல்லாரையும் வரவேற்றுக்கொண்டிருந்தார். அதே அரக்குப் பட்டு. பிள்ளை கல்யாணத்துக்குப் பழைய புடவை எடுத்துக் கட்டுவானேன் என்று எனக்கு ஒரு மாதிரி இருந்தது. எங்களைப் பார்த்ததும் எங்கள் எல்லாரையும் தாண்டிப் போய் அக்காவின் கையைப் பிடித்தார். ஓரமாக இழுத்துக்கொண்டு போய்க் கொசுவத்தின் கீழ்ப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். கணுக்காலுக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புக் குஞ்சம்.

"ரயில்லதான் பாத்தேன். ஊருல எடுக்கறேன்னு எல்லாரும் வந்தாங்க. ஒருத்தரையும் தொட விடலை. நீங்க வந்து எடுப்பீங்கன்னு அப்படியே மடிச்சு வெச்சேன்" என்றார்.

அக்கா அங்கேயே தரையில் உட்கார்ந்தார். நாதஸ்வரம் வாசிக்கிறது, ஆட்கள் தாண்டித் தாண்டிப் போகிறார்கள். அவசரப்படாமல் முள்ளைத் தள்ளி எடுத்து, நரம்பை விரலால் உருவி நேராக்கினார். பிறகு பையைத் திறந்தார். அதில் எல்லாவற்றுக்கும் மேலே ஒரு ஹவாய் செருப்பு அட்டை இருந்தது. அதில் ஒரே ஒரு கீறல் மட்டும் காலியாக இருந்தது.

எனக்கு நினைவிருக்கிறது இவ்வளவுதான். வாளைக்குச் சிவப்பு, சிங்காடாவுக்குப் பச்சை என்று எழுதியிருக்கிறேன், மாறியும் இருக்கலாம். வசந்தாவோ அவள் வீட்டுக்காரரோ இதைப் படித்தால் சரிபார்த்துத் திருத்திவிடுங்கள். மற்றது எது தப்பாக இருந்தாலும் பரவாயில்லை. நிறத்தை மாற்றி எழுதினால் அக்காவுக்குப் பிடிக்காது.